உங்களுக்குத் தெரியுமா? பிக் பாஸ் வீட்டுக்கு வந்த சேதி

2008 ஆகஸ்டில் இந்தி ‘பிக் பாஸ்’ வீட்டுக்குள் நுழைந்த கையோடு, பிரிட்டன் டிவி பிரபலம் ஜேட் குடிக்கு அந்தச் சேதி வந்தது: கருப்பை வாய்ப் புற்றுநோய்!

முன்பே, கருப்பை வாய்ச் செல்களைச் சோதிக்கும் பேப் ஸ்மியர் பரிசோதனையில் கோளாறு தெரிந்து, மேல்சிகிச்சைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருந்தது. பயந்துபோய் அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

2009 மார்ச் 22 அன்று, 27 வயதில் இறந்தார். முடி கொட்டிய தலையோடு நடந்த கல்யாணம்வரை எல்லாமே கேமரா முன்னால்தான். விளம்பர மோகம் என்று ஏசியவர்கள் உண்டு. ஆனால், அவருடைய நோய் தெரியவந்து அவர் இறந்த அந்த ஓராண்டுக் காலத்தில், இங்கிலாந்தில் வழக்கத்தைவிட 4 லட்சம் கருப்பை வாய்ப் பரிசோதனைகள் கூடுதல்! 25 முதல் 49 வயதுப் பெண்களிடம்தான் வேகம் அதிகம். அவர்களில் கணிசமானோர், பரிசோதனைக்கான கெடு தாண்டியும் நாள் கடத்திக்கொண்டிருந்தவர்கள்.