கிண்ணம் நிறையத் தண்ணீர், பச்சோந்திக்குத் தாகம்!

பச்சோந்தி என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? காலையில் ஒரு பேச்சும் மாலையில் ஒரு பேச்சும் பேசுகிற மனிதர்கள்தானே! பாவம், அந்தச் சாதுப் பிராணியின் பெயரை நாம் வசைச் சொல்லாக்கிவிட்டோம். போகட்டும். இன்று அதன் நிறத்தைப் பற்றி நாம் பேசப் போவதில்லை. அதன் தாகத்தைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

"தாகத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் குடித்துவிட்டுப் போகிறது!" என்பீர்கள். நாய் குடிக்கும்; பூனை குடிக்கும்; காக்கைகூடக் குடித்துவிட்டுப் பறந்து போகும். பச்சோந்தியோ, நிரம்பிய கிண்ணத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து நாவறண்டு செத்துப் போகும். ஆச்சரியமாக இருக்கிறது அல்லவா? காரணத்தைக் கேளுங்கள்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் போகிற பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் கோமுகி அணை. அதற்கு மேலே கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கல்வராயன் மலை. கீழே முட்புதர்கள், மேலே போகப் போக மரங்கள். நம் நாட்டுப் பச்சோந்திக்குப் பிடித்த இடம் இப்படிப்பட்ட வறண்ட காடுகளும் வேலியோரப் புதர்களுந்தான். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இது வாழ்கிறது. முட்டையிடவும், ஒரு மரத்தை விட்டு இன்னொரு மரத்துக்குப் போகவுந்தான் தரையில் இறங்கும். மற்றப் பொழுதெல்லாம் கிளையே வீடு.

கிளையின் மேல் குளம் ஏது, குட்டை ஏது? இரவில் இறங்கிய பனி விடியற்காலையில் இலை நுனியில் முத்துப்போல நிற்கும். மழை பெய்தால் சொட்டுச் சொட்டாக வழியும். வெளிச்சம் பட்டு மின்னி, அசைந்து, சொட்டுகிற அந்தத் துளிதான் பச்சோந்திக்குத் தண்ணீர். அசையாமல் கிடக்கும் தண்ணீரை அது பெரும்பாலும் தண்ணீர் என்று கண்டுகொள்வதே இல்லை.

இனி, இப்படி நடப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு குடும்பம் மேகம் அருவியைப் பார்த்துவிட்டு மலையிலிருந்து திரும்புகிறது. வேலிப் புதரில் ஒரு பச்சோந்தி. அது ஓடத் தெரியாத பிராணி; ஆடி ஆடி, ஓரடி வைத்து யோசித்துத்தான் மறு அடி வைக்கும். பையன் அதைப் பிடித்து ஓர் அட்டைப் பெட்டியில் போட்டுக்கொள்கிறான். சித்திரை மாத வெயில். காருக்குள்ளே அடுப்பங்கரைச் சூடு. வீடு வந்ததும், "பாவம், தாகமாக இருக்கும்" என்று அம்மா கிண்ணத்தில் தண்ணீர் வைக்கிறாள். மனசு நல்ல மனசுதான். ஆனால் மறுநாள் பச்சோந்தி கண்ணை மூடிக்கொள்கிறது. "தூங்குகிறது" என்று எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையை நாம் எல்லாரும் சொல்லுவோம். இங்கே குடைச்சல் மடிக்கு அல்ல; ஓணானுக்கு!

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நம் நாட்டுப் பச்சோந்தியைப் பிடிப்பதும், விற்பதும், வீட்டில் வளர்ப்பதும் 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். குழந்தை ஆசைப்பட்டது என்பதெல்லாம் சட்டத்துக்குத் தெரியாது.

அப்படியானால் பச்சோந்தி வளர்க்கிறவர்களே கிடையாதா? உண்டு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலர் வளர்க்கிறார்கள். ஏமன் நாட்டு இனமும் மடகாஸ்கர் தீவு இனமும் அங்கே கூண்டிலேயே குஞ்சு பொரித்து விற்பனைக்கு வருகின்றன. அங்கே இருக்கும் உங்கள் அக்கா மகனோ நாத்தனார் மகளோ இதுபோல ஒன்றை வளர்க்கலாம். நம் நாட்டில் இத்தகைய அயல்நாட்டு இனங்களை வைத்திருப்போர், 2022ஆம் வருஷத்துச் சட்டத் திருத்தத்தின்படி அதை அரசாங்கத்திடம் பதிவு செய்ய வேண்டும். வளர்க்கிறவர்களுக்கு ஏற்படும் பெரிய தொல்லையே இந்தத் தாகந்தான்.

தாகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் கண்ணைப் பாருங்கள். பச்சோந்தியின் கண் குமிழ்போல உருண்டு வெளியே நிற்கும். ஒரு கண் முன்னே பார்க்கும்போது மற்றக் கண் பின்னே பார்க்கும். உடம்பில் நீர் குறைந்தால் அந்தக் குமிழ் குழி விழுந்து உள்ளே போய்விடும். பகலில் கண்ணை மூடிக்கொண்டிருப்பதும் நல்லதல்ல. உடம்பு சரியாக உள்ள பச்சோந்தி பகலில் தூங்காது.

இரண்டாவது அடையாளம், சொல்லக் கொஞ்சம் கூச்சமானது: அதன் எச்சம். சுவரில் பல்லி போட்ட எச்சத்தைத் துடைக்காத இல்லத்தரசி உண்டா? கறுப்பாக ஒரு பகுதி, நுனியில் வெள்ளையாக ஒரு பகுதி இருக்குமே, அந்த வெள்ளைதான் சிறுநீருக்குப் பதில். தண்ணீரை மிச்சம் பிடிப்பதற்காக இந்த இனங்கள் கழிவை யூரிக் அமிலமாக்கிக் கெட்டியாகவே வெளியேற்றுகின்றன. பச்சோந்திக்கும் அப்படித்தான். அந்தப் பகுதி வெள்ளையாக இருந்தால் கவலை இல்லை. ஓரத்தில் சிறிது மஞ்சள் இருந்தாலும் பயப்பட வேண்டாம். நாள்தோறும் முழுவதும் மஞ்சளாகவோ ஆரஞ்சு நிறமாகவோ இருந்தால், உடம்பில் தண்ணீர் போதவில்லை என்று பொருள்.

மூன்றாவது, தோல். வாடிய கத்தரிக்காய்போலச் சுருங்கி மடிப்பு விழும். நான்காவது, நாக்கு. தன் உடம்பைவிட நீளமான நாக்கை இமைக்கும் நேரத்தில் வீசிப் பூச்சி பிடிக்கிற பிராணி, எச்சில் பசைபோல இறுகிவிட்டால் வீச முடியாமல் தவிக்கும். இரையில் நாட்டமும் போய்விடும்.

"நிறத்தைப் பார்த்தால் தெரியாதா?" என்று கேட்கலாம். அதை நம்பக் கூடாது. பச்சோந்தியின் தோலில் உள்ள நுண்ணிய படிகங்கள் நெருங்கியும் விலகியும் நிறத்தை மாற்றுகின்றன என்று ஜெனீவா சர்வகலாசாலை விஞ்ஞானிகள் 2015இல் எடுத்துக்காட்டினார்கள். கோபம், பயம், வெயில், குளிர் என்று நிறம் மாற நூறு காரணம் இருக்கலாம். கண்ணும் எச்சமும் சொல்வதுதான் நம்பத்தக்க சாட்சி.

அலட்சியம் செய்தால் என்ன ஆகும்? யூரிக் அமிலம் வெளியே போக முடியாமல் உள்ளே தங்கும். மூட்டுகளில் படிந்து கீல்வாதம் வரும், சிறுநீரகம் கெடும். வெளியே தெரியும்போது காரியம் மிஞ்சிப் போயிருக்கும்.

தண்ணீர் கொடுக்கும் முறை

கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். கூண்டுக்குள் உயிருள்ள செடி வையுங்கள். செம்பருத்தியோ மணி பிளாண்டோ போதும். விடியற்காலையிலும் மாலையிலும் இலைகளின் மேல் பனிபோலத் தண்ணீர் தெளியுங்கள். இரண்டு தடவை 'புஸ், புஸ்' என்று அடித்துவிட்டுப் போய்விடக் கூடாது. தண்ணீர் பட்டதும் பச்சோந்தி முதலில் கண்ணைச் சுழற்றிக் கழுவிக்கொள்ளும். சில நிமிஷம் கழித்துத்தான் நக்கத் தொடங்கும். அதுவரை பொறுமை வேண்டும். மேலே ஒரு பாத்திரத்தை வைத்து, ஊசித் துளை வழியாக இலையில் சொட்டுச் சொட்டாக விழும்படி செய்யலாம். ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றுகிற புதுக் குழாயை இதற்குப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு.

அதற்காக நாள் முழுதும் ஈரமாக வைக்கக் கூடாது. ஒரு தெளிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே இலை காய வேண்டும். காற்று உலாவ வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சணமும் சளியும் பிடிக்கும். இரையாகப் போடும் பூச்சிகளுக்கும் கீரையும் காய்கறியும் கொடுத்து வளர்க்க வேண்டும். பூச்சியின் வயிற்றில் உள்ள ஈரமும் பச்சோந்திக்குச் சேரும்.

செய்யக் கூடாத ஒன்று உண்டு. வாயைப் பிளந்து, குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டுகிறாற்போல் தண்ணீர் ஊற்றாதீர்கள். அது மூச்சுக் குழாயில் இறங்கிவிடும். கண் குழி விழுந்து, பிடி தளர்ந்து கிடந்தால் மிருக வைத்தியரிடந்தான் போக வேண்டும். அவர் ஊசி மூலம் நீர் ஏற்றுவார்.

நம் வீட்டு வேலியில் வந்தால்?

கள்ளக்குறிச்சி போன்ற ஊர்களில் தோட்டமுள்ள வீடுகளுக்கு இது ஒரு நாள் வந்து சேரலாம். இது விஷப் பிராணி அல்ல, கல்லை எடுக்காதீர்கள். கிடுக்கிபோலப் பிளந்த பாதம், சுருண்ட வால், குமிழ்க் கண் இவற்றால் சாதாரண ஓணானிலிருந்து பிரித்து அறிந்துகொள்ளலாம். வெட்டுக்கிளியையும் பூச்சிகளையும் தின்று தோட்டத்துக்கு உதவுகிற விருந்தாளி. அடிபட்டுக் கிடந்தால் வனத்துறையினருக்குத் தகவல் சொல்லுங்கள். நன்றாக இருந்தால் இருக்கிற செடியிலேயே இருக்கட்டும்.

கோடையில் அதற்கு உபகாரம் செய்ய ஆசையா? மிகவும் சுலபம். செம்பருத்திச் செடிக்கு வேரில் ஊற்றுகிற தண்ணீரில் ஒரு செம்பு எடுத்து, காலையில் இலைகளின் மேலும் தெளித்துவிடுங்கள். பூச்சி மருந்தை மட்டும் அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். தெளித்துவிட்டுச் சற்று எட்ட நின்று பாருங்கள். பையனையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். பெட்டியில் அடைத்து வைத்தால் இரண்டு நாளில் வாடிப் போகிற பிராணி, இலை நுனியில் தொங்கும் துளியை ஆற அமர நக்கிக் குடிப்பதைப் பார்த்துவிட்டால், அப்புறம் அவனே அட்டைப் பெட்டியைத் தேட மாட்டான்.