நுரை எங்கே?



சிங்கப்பூரின் தேக்காவிலிருந்து புக்கிட் தீமா சாலைப் பக்கம் நடந்தால், சில நிமிடங்களில் கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனை வந்துவிடும். உங்களில் சிலர் அங்கேதான் பிறந்திருப்பீர்கள். பாட்டியைக் கேட்டால் ‘கண்டாங் கெர்பாவ்’ என்று பழைய பெயரைச் சொல்வார். 1966-ஆம் ஆண்டில் மட்டும் அங்கே ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தார்கள். அப்போது அது உலக சாதனை!

பிறந்ததும் குழந்தை ‘வீல்’ என்று அழுகிறதே, ஏன் தெரியுமா?

அம்மாவின் வயிற்றில் இருக்கும்வரை குழந்தை மூச்சுவிட்டுக் காற்றை இழுக்க வேண்டியதில்லை. வேண்டிய ஆக்சிஜன் தொப்புள்கொடி வழியாகவே வந்துவிடும். நுரையீரலுக்குள் திரவம்தான் நிறைந்திருக்கும். வெளியே வந்து வீறிட்டு அழும்போது, முதல்முறையாகக் காற்று உள்ளே நுழைகிறது.

நுரையீரலில் குட்டிக் குட்டிக் காற்றறைகள் உண்டு. பெரியவர்களுக்குக் கோடிக்கணக்கில் இருக்கும். அவற்றின் உட்புறம் எப்போதும் ஈரமாக இருக்கும். அங்கேதான் ஒரு சிக்கல்!

நனைந்த பிளாஸ்டிக் பையைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு லேசில் பிரியாது. தண்ணீர் தன்னைத்தானே இழுத்துப் பிடித்துக்கொள்ளும் குணம் உடையது. அதற்குப் பரப்பு இழுவிசை என்று பெயர். ஈரமான காற்றறையும் இப்படித்தான், மூச்சை வெளியே விட்டதும் சுருங்கி மூடிக்கொள்ளப் பார்க்கும்.

பிறகு நாம் எப்படிச் சுலபமாக மூச்சுவிடுகிறோம்? கெட்டிக்காரக் கேள்வி! இதற்கு ஒரு சோதனை செய்து பார்ப்போம்.

ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, மேலே மிளகுத்தூள் தூவுங்கள். விரல் நுனியில் ஒரு துளி சோப்பைத் தொட்டு, தண்ணீரின் நடுவில் வையுங்கள். மிளகுத்தூள் ஓரத்துக்கு ஓடுகிறதா? சோப்பு பட்ட இடத்தில் இழுவிசை குறைந்துவிட்டது. ஓரத்துத் தண்ணீரின் இழுவிசை குறையவில்லை. அது மிளகைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

நம் நுரையீரலும் இழுவிசையைக் குறைக்கும் ஒரு பொருளைத் தானே தயாரிக்கிறது. அதன் பெயர் சர்ஃபாக்டன்ட். அது இருப்பதால்தான் காற்றறைகள் மூடிக்கொள்வதில்லை. இதுவரை புரிந்ததா? இனிதான் கதையே!

குழந்தை அம்மாவின் வயிற்றில் சுமார் 40 வாரம் வளரும். சர்ஃபாக்டன்ட் போதுமான அளவு சேர ஏறக்குறைய 35 வாரம் ஆகும். அதற்கு முன்பே பிறந்துவிடும் குறைமாதக் குழந்தை என்ன செய்யும்? மூடிக்கொண்ட காற்றறைகளை ஒவ்வொரு மூச்சுக்கும் புதிதாகத் திறக்கப் போராடும். பாவம், களைத்துப்போய்விடும்.

காரணம் தெரியாததால், முன்பு ஆயிரக்கணக்கான குழந்தைகளைக் காப்பாற்ற முடியவில்லை. அவர்களுடைய நுரையீரலில் கண்ணாடி போன்ற ஒரு படலம் தெரிந்தது. அதுதான் வில்லன் என்று மருத்துவர்கள் பலர் நினைத்தார்கள்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மேரி எல்லன் ஏவரி என்ற மருத்துவர் இருந்தார். இளம் வயதில் அவருக்கே காசநோய் வந்தது. அதிலிருந்துதான் நுரையீரல் மீது அவருக்கு ஆர்வம் பிறந்தது. நல்ல நுரையீரலில் இருக்கும் நுரை, மூச்சுத்திணறி இறந்த குழந்தைகளின் நுரையீரலில் இல்லை என்பதை அவர் கவனித்தார். எல்லோரும் அங்கே இருந்ததைப் பார்த்தார்கள். ஏவரி, அங்கே இல்லாததைப் பார்த்தார்!

ஜான் கிளமெண்ட்ஸ் என்ற விஞ்ஞானி இழுவிசையை அளக்க ஒரு கருவி செய்திருந்தார். நுரை இல்லாததற்கும் இழுவிசைக்கும் தொடர்பு உண்டா என்று அறிய, ஏவரி அவரிடம் போய் அதைப் பற்றித் தெரிந்துகொண்டார். அந்த முறையில் அளந்தபோது விடை கிடைத்தது. அந்தக் குழந்தைகளின் நுரையீரலில் இழுவிசை மிக அதிகம். சர்ஃபாக்டன்ட் போதவில்லை! 1959-இல் ஏவரியும் அவருடன் பணியாற்றிய ஜெரி மீடும் இதை உலகுக்கு அறிவித்தார்கள்.

காரணம் தெரிந்தாலும் மருந்து உடனே வந்துவிடவில்லை. 1963-இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் குழந்தையே இந்த நோயால் இறந்துபோனது. 1980-இல்தான் ஜப்பானிய மருத்துவர் தெட்சுரோ ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டை 10 குழந்தைகளுக்குக் கொடுத்து, அது பலன் தருவதைக் காட்டினார்.

இன்று சிங்கப்பூர் மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சை இருக்கிறது. மெல்லிய குழாய் வழியாகப் பால் போன்ற அந்த வெள்ளை மருந்தை நேரே நுரையீரலுக்குள் விடுவார்கள். குழந்தை சீக்கிரம் பிறந்துவிடும் போலிருந்தால், நுரையீரல் விரைந்து முதிர்ச்சியடைய அம்மாவுக்கே முன்கூட்டி ஊசி போடுவதும் உண்டு.

ஆனாலும் வேலை இன்னும் முடியவில்லை. குழாய் செருகுவது பிஞ்சுக் குழந்தைக்குச் சிரமம் அல்லவா? அதனால் மருந்தைப் பனிபோல் தூவி, குழந்தை தானே மூச்சோடு இழுத்துக்கொள்ளும்படி செய்ய முடியுமா என்று ஆராய்ந்து வருகிறார்கள். அதில் ஒரு தடை உண்டு. மருந்தில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலுமே தங்கிவிடுகிறது.

அதை எப்படி உள்ளே போகவைக்கலாம்? துளிகளைச் சிறிதாக்கலாமா? வேறு வழி உண்டா? யோசியுங்கள், கண்ணுகளா. தோன்றுவதைப் படமாக வரைந்து, நாளைக்கே உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்!