வயதானவர் வீட்டில் நாய், பூனை, புறா

முதுமையில் செல்லப்பிராணி வளர்க்கலாமா என்பது பெரும்பாலான வீடுகளில் ஒரு கேள்வியாக எழுவதே இல்லை. மகனோ மகளோ ஆசைப்பட்டு வாங்கிய நாய்க்குட்டி, அவர்கள் வேலை கிடைத்து வெளியூர் போனதும் அப்பா அம்மாவிடம் தங்கிவிடுகிறது. தெருவில் திரிந்த பூனை அடுப்படிக்குள் வந்து குட்டி போட்டுவிட்டு, அங்கேயே குடியேறுகிறது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை. ஆனால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கான பொறுப்பு ஒன்று அறுபத்தைந்தைத் தாண்டியவரின் தலையில் ஏறியிருக்கிறது.

வடசென்னையை ஒட்டிய வள்ளூர்ப் பக்கத்தில் இது இன்னும் சுலபமாக நடக்கும். ஒரு பக்கம் கொசஸ்தலை ஆறு, மறுபக்கம் 1,500 மெகாவாட் அனல் மின் நிலையம், சற்றுத் தள்ளி காமராஜர் துறைமுகம். வீட்டிலிருக்கும் இளையவர்கள் ஷிப்டுக்குப் போய்விட்டால், பகல் முழுக்க வீடு பெரியவர்களின் காவலில்தான். துணைக்கும் காவலுக்கும் ஒரு நாய் இருந்தால் நல்லது என்று தோன்றுவதில் வியப்பில்லை. 2021-க்கான மத்திய அரசின் கணிப்புப்படி தமிழக மக்களில் 13.6 சதவீதம் பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் இது. ஆகவே இந்தக் கேள்வியை உட்கார்ந்து யோசிக்க வேண்டிய வீடுகள் ஏராளம்.

முதலில் வயதுக் கணக்கு. நாய் சராசரியாக 10 முதல் 13 ஆண்டு வாழும். சிறிய இனங்கள் அதற்கு மேலும். வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை 15 ஆண்டுகளைச் சாதாரணமாகத் தாண்டும். 68 வயதில் குட்டியாக வாங்கிய நாய் கிழடாகும்போது, வளர்த்தவர் எண்பதை எட்டியிருப்பார். குட்டி நாயின் முதல் ஆண்டுதான் மிகக் கடினமானது. செருப்பைக் கடிக்கும், இரவில் கத்தும், கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கும், காலைச் சுற்றிச் சுற்றி வரும். முதியவருக்குக் குட்டியைப் பரிசாகக் கொடுப்பது அன்பான செயலாகத் தெரிந்தாலும், யோசித்துச் செய்த செயல் அல்ல. ஐந்தாறு வயதான, சுபாவம் தெரிந்த நாய்தான் அந்த வீட்டுக்குப் பொருந்தும். சென்னையில் 1959-இல் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் போன்ற காப்பகங்களில் குட்டிகளுக்கு இருக்கும் கிராக்கி வளர்ந்த நாய்களுக்கு இருப்பதில்லை. அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. வாசற்படியில் நாலைந்து வருடமாகப் படுத்திருக்கும் நாட்டு நாய்க்கு அந்தத் தெருவும் அந்த வீட்டு ஆட்களும் அத்துப்படி. அதற்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து வீட்டு நாயாக்கிக் கொள்வது, விலை கொடுத்து வாங்கும் எந்தச் சாதி நாயையும்விடப் பாதுகாப்பானது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை ஆகியவை நம் மண்ணின் பெருமைக்குரிய இனங்கள்தாம். ஆனால் வேட்டைக்காகப் பழக்கப்பட்ட அவற்றுக்கு ஓடும் வெளியும் பிடித்து நிறுத்தும் பலமுள்ள கையும் வேண்டும்.

பிராணி வளர்த்தால் ஆயுள் கூடும் என்ற பேச்சுக்கு ஒரு தொடக்கப்புள்ளி உண்டு. 1980-இல் அமெரிக்காவில் எரிகா ஃப்ரீட்மன் குழுவினர், இதயநோய்க்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய 92 பேரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். பிராணி வளர்த்த 53 பேரில் 3 பேரும், வளர்க்காத 39 பேரில் 11 பேரும் ஓராண்டுக்குள் இறந்திருந்தனர். பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே பக்கம் சாயவில்லை. நடமாடத் தெம்புள்ளவர்கள்தாம் நாய் வளர்க்கிறார்கள். தெம்பு இருப்பதாலேயே கூடுதல் காலம் வாழ்கிறார்களோ என்ற சந்தேகம் இன்றும் தீரவில்லை. 2013-இல் அமெரிக்க இதயச் சங்கம் நாய் வளர்ப்பவர்களுக்கு இதயநோய் அபாயம் குறையக்கூடும் என்று ஒப்புக்கொண்டது. அதே அறிக்கையில், அந்த ஒரு நோக்கத்துக்காகவே பிராணியைக் கொண்டுவர வேண்டாம் என்றும் சொன்னது. மருத்துவப் பலன் இப்படி இழுபறியில் இருந்தாலும், அன்றாடப் பலன் கண்ணுக்குத் தெரிவது. காலை ஆறு மணிக்கு எழுந்திருக்க ஒரு காரணம் கிடைக்கிறது. கணவரை இழந்த பெண்ணுக்குப் பேச்சுக் கொடுக்க ஒரு ஜீவன் இருக்கிறது. தனக்காகச் சமைக்கச் சலித்துக்கொள்பவர் நாய்க்காகவாவது உலை வைப்பார்.

இனி உடம்பு. மூப்பில் மிகப் பெரிய எதிரி கீழே விழுவது. நாய் அதற்கு நேரடிக் காரணமாகலாம். நாயைக் கயிற்றில் பிடித்து நடத்தும்போது எலும்பு முறிந்து அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்கு வந்த 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் 2004-இல் ஏறத்தாழ 1,670 பேர். 2017-இல் 4,400 பேர். அவர்களில் முக்கால்வாசிக்கும் மேல் பெண்கள். அதிகம் முறிந்தது இடுப்பு எலும்பு.

விபத்து நடக்கும் விதம் மிக எளிது. நாய் ஓடிவிடக் கூடாதென்று சங்கிலியைப் பெரியவர் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்கிறார். எதிர்த்தெரு நாய் குரைக்கிறது. 30 கிலோ லாப்ரடார் ஒரே பாய்ச்சலில் திரும்புகிறது. சுற்றிய சங்கிலியைக் கை விட முடியாது. 50 கிலோ உடம்பு பக்கவாட்டில் சாய்கிறது. சங்கிலியைச் சுற்றாமல் உள்ளங்கையில் மட்டும் பிடித்திருந்தால் நாய் ஓடியிருக்கும், எலும்பு தப்பியிருக்கும். கழுத்துப் பட்டைக்குப் பதிலாக மார்பைச் சுற்றிய வார், அதுவும் நெஞ்சுப் பக்கம் கொக்கி உள்ளது, இழுப்பைக் குறைக்கும். எண்ணூர், மணலி, மீஞ்சூர்ச் சாலைகளில் இன்னொரு ஆபத்தும் சேர்கிறது. நடைபாதை இல்லாத ஓரம், துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள். அங்கே நாயுடன் நடப்பதைவிட விடியற்காலையில் ஊருக்குள்ளேயே இரண்டு தெரு சுற்றி வருவது மேல். நாயின் எடை வளர்ப்பவர் எடையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருந்தால் நல்லது. இது எந்த நூலிலும் உள்ள விதி அல்ல, அனுபவக் கணக்கு.

பூனையை நடத்த வேண்டியதில்லை, குளிப்பாட்ட வேண்டியதில்லை. மீன் நாற்றம் வீசும் குப்பங்களில் அதற்குச் சாப்பாட்டுக் கவலையும் இல்லை. முழங்கால் வலி உள்ளவருக்கு நாயைவிடப் பூனையே ஏற்றது என்று தயங்காமல் சொல்லலாம். இருட்டில் காலில் உரசி இடறிவிடும் என்பதால் இரவில் ஒரு விளக்கு எரியட்டும். சர்க்கரை நோயாளிகளும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் பூனைக் கடியை அலட்சியம் செய்யக் கூடாது. மெல்லிய பல் ஆழமாக இறங்கும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், உள்ளே சீழ் பிடிக்கும். நாயோ பூனையோ, கடித்தாலும் நகத்தால் கீறினாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம். வீட்டு நாய்தானே என்று விட்டுவிடுவது உயிரைப் பணயம் வைப்பது. வெறிநோய் வந்துவிட்டால் மருந்து இல்லை.

வடசென்னையின் தனி அடையாளம் புறா. வண்ணாரப்பேட்டை, ராயபுரம் மொட்டைமாடிகளில் கர்ணப் புறாவும் ஹோமரும் வளர்த்துப் பந்தயம் விட்டவர்கள் பலருக்கு இன்று எழுபது வயது. இவர்களைத்தான் முதலில் எச்சரிக்க வேண்டும். புறாவின் காய்ந்த எச்சமும் இறகுத் தூளும் ஆண்டுக்கணக்கில் நுரையீரலுக்குள் போனால், ஒவ்வாமையால் நுரையீரல் அழன்று நாளடைவில் தழும்பாகி இறுகிவிடும். ‘புறா வளர்ப்போர் நுரையீரல்’ என்று மருத்துவத்தில் இதற்குப் பெயரே உண்டு. மாடியேறினால் மூச்சு வாங்குவதை வயசுக் கோளாறு என்று நினைத்துக் காலம் கடத்துபவர்கள் உண்டு. ஏற்கெனவே நிலக்கரிச் சாம்பலும் லாரிப் புகையும் சுவாசிக்கும் ஊர் இது. இருமல் நிற்காவிட்டால் மருத்துவரிடம் புறா வளர்ப்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நோய் உறுதியானால் புறாவை விடத்தான் வேண்டும், முகக்கவசம் மட்டும் போதாது.

கூண்டில் பச்சைக்கிளி வளர்க்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். நட்சத்திர ஆமைக்கும் அதே கதிதான். லவ் பேர்ட்ஸ் வளர்க்கத் தடையில்லை. கையளவு தினை, ஒரு கிண்ணம் தண்ணீர் போதும். படுக்கையில் இருப்பவர்கூட ஜன்னலோரக் கூண்டைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கொளத்தூரில் பெருகியிருக்கும் வண்ண மீன்களும் அந்த வகைதான். ஆனால் தொட்டித் தண்ணீரை மாற்ற வாளி தூக்க வேண்டும் என்பதை வாங்கும்போது யாரும் நினைப்பதில்லை.

வள்ளூர் போன்ற ஊராட்சிகளில் ஆடும் கோழியும் செல்லப்பிராணிக் கணக்கில் வருவதில்லை. ஆயினும் இரண்டு ஆடு வைத்திருக்கும் பாட்டி அவற்றைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். நாய் செலவு வைக்கும்; ஆடு அவசரத்துக்குக் காசாகும். கையில் முதியோர் உதவித்தொகை மட்டுமே உள்ளவருக்கு இது சாதாரண வேறுபாடு அல்ல. 2023-இல் தமிழக அரசு அந்தத் தொகையை 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக உயர்த்தியது. 15 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 850 கலோரி தேவை. பழைய சோறும் குழம்பும் ஊற்றினால் போதும் என்பது நம் ஊர்ப் பழக்கம். குழம்பில் வெங்காயம் இருக்கும். அது நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துச் சோகையைக் கொண்டுவரும், பூனைக்கு இன்னும் கெடுதல். காரம், வெங்காயம் இல்லாமல் சோறோடு முட்டையோ கோழியோ சேர்த்துத் தனியாக வேகவைக்க வேண்டும். ஆண்டுதோறும் தடுப்பூசி, அவ்வப்போது குடற்புழு மாத்திரை, உண்ணி மருந்து எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் உதவித்தொகை காணாது.

மருத்துவ வசதி அருகில் இருக்கிறதா என்பதையும் முன்னதாகவே பார்த்துவிட வேண்டும். ‘மாட்டாஸ்பத்திரி’ என்று மக்கள் சொல்லும் அரசு கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசியும் சிறு சிகிச்சையும் கிடைக்கும். அறுவைக்கும் ஸ்கேனுக்கும் வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டும். 1903-இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய பழைய கல்லூரி அது. கட்டணம் குறைவு, கூட்டம் அதிகம். வள்ளூரிலிருந்து நோயாளி நாயை அங்கே கொண்டுபோக ஆட்டோக்காரர் ஒப்புக்கொள்ள வேண்டும், நாயைத் தூக்க ஒரு ஆள் வேண்டும். எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் சென்னை மாநகராட்சிக்குள் வருவதால் அங்கே நாய்க்கு உரிமமும் தேவை. இணையவழியில் எடுக்கக் கட்டணம் 50 ரூபாய். எடுக்காவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025 இறுதியில் மாநகராட்சி அறிவித்தது. வள்ளூர் திருவள்ளூர் மாவட்டம் மீஞ்சூர் ஒன்றியத்தில் இருப்பதால் அந்த விதி அதற்குப் பொருந்தாது.

இந்தப் பகுதிக்கே உரிய இன்னொரு கவலை, திடீரென்று வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டி வருவது. பூண்டி ஏரி திறக்கப்பட்டால் அந்தத் தண்ணீர் தாமரைப்பாக்கம், வள்ளூர் அணைக்கட்டுகளைத் தாண்டித்தான் எண்ணூரில் கடலில் கலக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து முகத்துவாரத்துப் பக்கம் வீடுகளுக்குள் புகுந்தது. கூழைக்கடாக்கள் எண்ணெயில் நனைந்தன. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தபோது, ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து கண்ணெரிச்சலோடு ஓடினார்கள். அப்படிப்பட்ட இரவில் கைத்தடி பிடித்த ஒருவர் தன்னையும் காப்பாற்றிக்கொண்டு நாயையும் இழுத்துக்கொண்டு போக முடியாது. நிவாரண முகாம்களில் பிராணிகளுக்கு இடம் கிடைப்பதும் அரிது. குறைந்தபட்சம், சங்கிலி வாசலருகே மாட்டியிருக்க வேண்டும். பூனைக்கும் பறவைக்கும் கையில் தூக்கக்கூடிய சிறு கூண்டு வேண்டும். இரவில் நாயைக் கட்டிப்போடும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்; கட்டிய நாயால் ஏறும் தண்ணீரிலிருந்து நீந்தித் தப்ப முடியாது.

வயது, பணம், பலம் எல்லாவற்றையும்விட முடிவைத் தீர்மானிக்க வேண்டியது இரண்டாவது ஆள். வளர்ப்பவர் கண் அறுவைக்காகப் பத்து நாள் படுத்தாலும், நிரந்தரமாகவே போய்விட்டாலும், சாவியோடு வந்து சோறு வைக்க யார் இருக்கிறார்? எண்பது வயதில் அப்படி ஒருவர் இருந்தால் நாய் வளர்க்கலாம்; அறுபதிலேயே இல்லையென்றால் வேண்டாம். ‘பிள்ளைகள் பார்த்துப்பாங்க’ என்பதைப் பதிலாக எடுத்துக்கொள்ள முடியாது. வெளிநாட்டில் அடுக்குமாடியில் இருக்கும் பிள்ளையால் பார்த்துக்கொள்ள முடியாமல் போகலாம். இங்கிலாந்தில் 1985-இல் தொடங்கிய சின்னமன் டிரஸ்ட், இந்த இரண்டாவது ஆளையே ஓர் அமைப்பாக்கியது. தொண்டர்கள் வந்து முதியவர்களின் நாயை நடத்திச் செல்வார்கள். உரியவர் இறந்தபின் அதற்கு வேறு வீடு தேடுவார்கள். ஜப்பானில் யோகோசுகா நகரில் நாய், பூனையோடு சேர்த்தே முதியவரைச் சேர்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருக்கிறது. நம் முதியோர் இல்லங்களில் பெரும்பாலானவை பிராணியை ஏற்பதில்லை. அங்கே சேரும் நாளில் நாய் தெருவுக்கு வந்துவிடுகிறது. 1960-ஆம் ஆண்டு பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி பிராணியைக் கைவிடுவது குற்றம். முதல் முறைக்கான அபராதம் 10 முதல் 50 ரூபாய். இன்று ஒரு தேநீரும் வடையும் அந்த விலை.

சொத்துள்ளவர்கள் உயிலில் வழி செய்யலாம். இந்தியச் சட்டத்தில் நாயின் பெயருக்கு நேரடியாகச் சொத்து எழுத முடியாது. பராமரிக்கும் மனிதருக்குப் பணத்தை எழுதி, பொறுப்பை அதோடு சேர்க்க வேண்டும். 2024 அக்டோபரில் மறைந்த ரத்தன் டாடா, தம் நாய் டிட்டோவைச் சமையல்காரர் பொறுப்பில் விட்டு அதற்கான ஏற்பாட்டையும் உயிலில் செய்திருந்ததாகச் செய்திகள் வந்தன. உயில் எழுதும் அளவுக்குச் சொத்து இல்லாதவர்களுக்கும் செய்ய ஏதோ இருக்கிறது. தடுப்பூசி அட்டை, மருந்துச் சீட்டு, நாய் என்ன தின்னும் எதற்குப் பயப்படும் என்ற விவரம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு இரண்டாவது ஆளுக்குத் தெரிந்த இடத்தில் வைக்கலாம். உடம்பு நன்றாக இருக்கும்போதே ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை நாயை அவர் வீட்டில் சில நாள் விட்டுப் பழக்கலாம். பழகாத வீட்டுக்குத் திடீரென்று போன நாய் சோறு தின்னாமல் பழைய வாசலைத் தேடித்தான் ஓடும், நடுவில் இருப்பது லாரி ஓடும் சாலையாக இருந்தாலும்.