திணறும் வால்வு, கணக்குப் போடும் சில்லு

1964-இல் லண்டனில் டேவ் டேவிஸ் என்ற 17 வயதுப் பையன் தன்னுடைய சின்ன எல்பிகோ ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கர் காகிதத்தைச் சவர பிளேடால் கிழித்துவிட்டான். கிழிந்த காகிதம் ஒவ்வொரு அதிர்வுக்கும் படபடக்க, கிடாரின் ஒலி கரகரத்து உறுமியது. அந்த உறுமலோடு அவனுடைய கிங்க்ஸ் குழு பதிவுசெய்த ‘யூ ரியலி காட் மீ’ அதே ஆண்டில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. கல்யாண வீட்டில் குழாய் ஒலிபெருக்கி இப்படிக் கத்தியிருந்தால் மைக்செட்காரரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்கள்.

ஆம்ப்ளிஃபையருக்குப் பொறியாளர்கள் வகுத்த இலக்கணம் எளியது. உள்ளே வருவதை உருமாற்றாமல் பெரிதாக்கித் தர வேண்டும், அவ்வளவுதான். அந்த இலக்கணத்தை மீறுவதற்கென்றே காசு கொடுத்து வாங்கப்படுவது கிடார் ஆம்ப். 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்த பிறகு ரேடியோ, தொலைக்காட்சி, கணினி என்று ஒவ்வொன்றாக, அதுவரை பெருக்கும் வேலையைச் செய்துவந்த வால்வைக் கைகழுவின. நம் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ்கூட ஒரு காலத்தில் வால்வு செய்து கொண்டிருந்தது, அதெல்லாம் பழங்கதை. ஆனாலும் ஸ்லோவாக்கியாவின் சாட்சா, ரஷ்யாவின் சராத்தொவ், சீனா என்று விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில் இன்றும் வால்வுகள் தயாராகின்றன. வாங்குகிறவர்களில் பெரும்பங்கு கிடார்காரர்கள்.

காற்று உறிஞ்சப்பட்ட கண்ணாடிக் குப்பிதான் வால்வு. உள்ளே எதிர்மின்வாய் தணலாகச் சூடேறி எலக்ட்ரான்களை உதிர்க்கிறது. சில நூறு வோல்ட்டில் இருக்கும் நேர்மின்வாய் அவற்றை இழுக்கிறது. இடையில் மெல்லிய கம்பிவலை ஒன்று: கிரிட். இதை நுழைத்தவர் லீ டி ஃபாரஸ்ட், 1906-இல். கிரிட்டில் சிறு மின்னழுத்தம் ஏறி இறங்கினால் எலக்ட்ரான்களின் பெரும் ஓட்டமும் கூடவே ஏறி இறங்கும். கிடார் ஆம்புகளில் அநேகமாகத் தவறாமல் இருக்கும் ஈசிசி83 வால்வின் பெருக்கக் காரணி 100.

இந்த ஏற்ற இறக்கத்துக்கு எல்லை உண்டு. கிரிட் அளவுக்கு மீறி எதிர்மின் பக்கம் சாய்ந்தால் ஓட்டம் நின்றுபோகும். நேர்மின் பக்கம் போனாலோ கிரிட்டே எலக்ட்ரான்களைப் பிடுங்கத் தொடங்கும். இரண்டு இடத்திலும் அலையின் உச்சி மழுங்குகிறது. வால்வில் இந்த மழுங்கல் படிப்படியாக வருவதால்தான் மெதுவாக மீட்டினால் தெளிவும் அழுத்தி மீட்டினால் கரகரப்பும் ஒரே ஆம்பில் கிடைக்கின்றன.

உச்சி மழுங்கிய அலை தனி அலையாக இருப்பதில்லை. கிடாரின் ஏ தந்தி 110 ஹெர்ட்ஸில் அதிர்கிறது என்றால், மழுங்கிய பிறகு 220, 330, 440, 550 என்று அதன் மடங்குகள் புதிதாக முளைக்கின்றன. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மழுங்கினால் ஒற்றைப்படை மடங்குகள். ஒரு பக்கம் கூடுதலாக மழுங்கினால் இரட்டைப்படையும் சேரும். “வால்வு இரட்டைப்படை, அதனால் இனிமை, டிரான்சிஸ்டர் ஒற்றைப்படை, அதனால் கரடு” என்று கடைக்குக் கடை சொல்வார்கள். பாதிதான் உண்மை. பெரிய ஆம்புகளின் கடைசிக் கட்டத்தில் வால்வுகள் எதிரெதிராக ஜோடி போட்டு வேலை செய்கின்றன. அந்த அமைப்பு தானே உண்டாக்கும் இரட்டைப்படை மடங்குகளைப் பெருமளவு அழித்துவிடும். ராக் இசையின் புகழ்பெற்ற வால்வு உறுமலில் ஒற்றைப்படைக்கும் பெரிய பங்கு உண்டு.

இரண்டு சுரங்களைச் சேர்த்து மீட்டும்போதுதான் விஷயம் சூடுபிடிக்கிறது. மழுங்கும் ஆம்ப் அவற்றின் கூட்டலையும் கழித்தலையும் தானே உண்டாக்கும். ஏ-யைச் சட்ஜமாக வைத்தால் பஞ்சமம் 165 ஹெர்ட்ஸுக்கு ஒட்டி வரும். கழித்தால் 55. அது அதே சட்ஜம், ஒரு ஸ்தாயி கீழே! 110-ஐ இரட்டித்து 165-ஐக் கழியுங்கள், மறுபடி 55. 165-ஐ இரட்டித்து 110-ஐக் கழித்தால் 220, மேல் ஸ்தாயிச் சட்ஜம். எந்தத் தந்தியும் மீட்டாத கீழ்ச் சட்ஜத்தை ஆம்ப் தன் திணறலிலிருந்து வரவழைக்கிறது. இப்போது பஞ்சமத்துக்குப் பதில் அந்தர காந்தாரத்தை வைத்துப் பார்க்கலாம். கிடாரின் சம அளவுச் சுருதியில் அது 138.6. கழித்தால் 28.6, பக்கத்திலிருக்கும் சட்ஜமோ 27.5. ஒட்டவில்லை, சேறாகக் கலங்குகிறது. கனமான ராக் இசைக்காரர்கள் காந்தாரத்தை விட்டுவிட்டு ச-ப மட்டும் பிடிக்கும் ‘பவர் கார்டு’ பழக்கத்துக்கு இந்தக் கணக்குதான் அடிப்படை. ஒரு கருவியின் குறை ஓர் இசைவகையின் ஸ்வர இலக்கணத்தையே எழுதியிருக்கிறது என்பதை எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இதை யாரும் திட்டமிடவில்லை. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர் விரும்பியது தெளிவான ஒலியைத்தான். 1962-இல் லண்டன் ஹான்வெல்லில் டிரம் கடை நடத்திய ஜிம் மார்ஷலும் அவருடைய ஆட்களும் ஃபெண்டரின் பாஸ்மேன் ஆம்பின் சுற்றை ஏறத்தாழ அப்படியே எடுத்து, கையில் கிடைத்த பாகங்களோடும் வேறு ஸ்பீக்கர்களோடும் ஜேடிஎம்45-ஐச் செய்தார்கள். வரைபடம் கிட்டத்தட்ட ஒன்றுதான், குரல் வேறாகிப் போயிற்று.

குரலை மாற்ற மின்சாரமே போதும். தந்தியை ஓங்கி மீட்டினால் வால்வுகள் சட்டென்று அதிக மின்னோட்டம் கேட்கும். பவர் சப்ளையின் வோல்டேஜ் ஒரு கணம் தொய்ந்து பிறகு நிமிரும். அந்தத் தொய்வில் சுரத்தின் தொடக்கம் அமுங்கி, அடுத்த நொடியில் விரிகிறது. கிடார் கலைஞர் எட்டி வான் ஹேலன் இதைக் கையில் எடுத்துக்கொண்டார். வேரியாக் எனப்படும் வோல்டேஜ் மாற்றியில் மார்ஷலைச் சொருகி, 120 வோல்ட்டுக்குப் பதில் 90-ஐ ஒட்டிக் கொடுத்தார். கேட்டவர்களிடம் வோல்டேஜை ஏற்றியதாகச் சொல்லிவைத்தார். அதை நம்பிப் பின்பற்றியவர்களின் ஆம்புகள் பட்ட பாடு தனிக் கதை.

இந்த வால்வு ஒலியை இப்போது சில்லுகளும் கணக்குப் போட்டு நகலெடுக்கின்றன. ஆனால் அவை நகலெடுக்க வேண்டியது ஒரு நிலையான பொருளை அல்ல. இந்தக் கணத்தில் ஆம்ப் எப்படி ஒலிக்கும் என்பது சற்று முன்பு என்ன மீட்டினீர்கள் என்பதையும் பொறுத்தது. 1996-இல் லைன் 6 நிறுவனம் ஆக்ஸிஸ் 212 என்ற டிஜிட்டல் மாடலிங் ஆம்பைக் கொண்டுவந்தது. 1998-இல் சிவப்பு அவரை விதை வடிவில் ‘பாட்’. இன்று வழிகள் பல. மின்சுற்றின் ஒவ்வொரு பாகத்தையும் சமன்பாடாக்கி, நொடிக்கு 48,000 தடவையோ அதற்கு மேலோ விடை காண்பது ஒன்று. 2011-இல் அறிமுகமான ஜெர்மனியின் கெம்பர், உண்மையான ஆம்புக்குச் சோதனை ஒலிகளை அனுப்பி, திரும்பி வருவதை அளந்து அதன் குணத்தைப் பிடித்துக்கொள்கிறது. நியூரல் நெட்வொர்க்குகள் மின்சுற்றைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. ஆம்புக்குள் போன சில நிமிட ஒலி, வெளியே வந்த ஒலி, இரண்டையும் ஒப்பிட்டுத் தாமே கற்கின்றன. பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் இந்தத் துறையில் முக்கியமான ஆய்வுகள் நடந்தன. நியூரல் ஆம்ப் மாடலர் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

மாடலர்கள் எனப்படும் இந்த நகல் கருவிகள் ஆரம்பகாலத்தில் பிளாஸ்டிக் போல ஒலித்ததற்கு ஒரு காரணம் வேடிக்கையானது. நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும் கருவி 24,000 ஹெர்ட்ஸ் வரைதான் பதிக்க முடியும். 5,000 ஹெர்ட்ஸ் ஒலியை மழுங்கடித்தால் அதன் ஒன்பதாம் மடங்கு 45,000. அது காணாமல் போவதில்லை. 48,000-இலிருந்து மடங்கித் திரும்பி 3,000 ஹெர்ட்ஸாக வந்து நிற்கும், ஒட்டும் இல்லை உறவும் இல்லை. தந்தியை இழுத்து 5,000-ஐ 5,100 ஆக்கினால் பேய்ச்சுரம் 2,100-க்கு இறங்குகிறது. வாசிப்பவர் மேலே போக, அது கீழே போகும். உள்ளே கணக்கை எட்டு மடங்கு, பதினாறு மடங்கு வேகத்தில் செய்து இந்தப் பேயை ஓட்டுகிறார்கள். சில்லுகள் மலிவானதும் ஓட்டுவது எளிதாயிற்று. கணக்குப் போடுவதால் ஒலி தாமதமாகிறது என்ற இன்னொரு புகார் பெரும்பாலும் மிகை. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 3 மில்லிநொடித் தாமதம் என்பது ஸ்பீக்கரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். வால்வு ஆம்பிலிருந்து மூன்று மீட்டர் விலகி நின்று வாசிப்பவர் அதைப்போல மூன்று மடங்கு தாமதத்தைச் சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்கிறார்.

அப்படியென்றால் வால்வா டிஜிட்டலா என்று ஏன் இன்னும் சண்டை? பலர் ஒப்பிடுவது வால்வையும் டிஜிட்டலையும் அல்ல என்பது என் கட்சி. பன்னிரண்டு அங்குல கிடார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் செங்குத்தாகத் தேய்ந்துவிடும். அந்த வடிகட்டல் இல்லாவிட்டால் கரகரப்பு கொசுக்கூட்டமாகத்தான் கேட்கும். மாடலர் ஸ்பீக்கரையும் சேர்த்தே நகலெடுக்கிறது, ஆனால் மைக் வைத்து அளந்த ஸ்பீக்கரை. காதுக்கு வருவது, வேறோர் அறையில் கூம்புக்கு அருகில் மைக் வைத்துப் பதிந்த ஒலி. அறையில் நிற்கும் வால்வு ஆம்போ பெட்டியோடு அதிர்கிறது, முதுகுப் பக்கத்தாலும் காற்றைத் தள்ளிச் சுவரில் மோதவைக்கிறது, அந்தக் காற்று திரும்பிக் கிடார்த் தந்தியையே ஆட்டுகிறது. ஒன்றை ஹெட்ஃபோனில் கேட்டு, மற்றதை முழங்காலுக்குக் கீழிருந்து கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதுகிறோம். பெரிய மேடையில் ரசிகருக்கு வால்வு ஆம்பின் ஒலியும் மைக் வழியாகத்தான் போகிறது. ரசிகருக்கும் இசைத்தட்டுக்கும் இந்த வேறுபாடு ஏறக்குறைய முடிந்துபோன விவகாரம். மிச்சமிருப்பது வாசிப்பவரின் விரலுக்கும் காலடிக் காற்றுக்கும் இடையில்.

அந்தக் காற்றுக்குச் சத்தம் வேண்டும். கடைசிக் கட்ட வால்வும் ஸ்பீக்கரும் திணறினால்தான் மேலே சொன்ன தொய்வும் விரிவும் கிடைக்கும். ஒரு கிடார் ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டரில் 95 டெசிபலைத் தாண்டுவது சகஜம். வாட்டைப் பாதியாக்கினால் குறைவது 3 டெசிபல்தான். காதுக்குப் பாதியாகத் தோன்ற வாட்டைப் பத்தில் ஒன்றாக்க வேண்டும். எனவே “வீட்டுக்கு 100 வாட் அதிகம், 50 எடுத்துக்கொள்ளுங்கள்” என்பது ஆலோசனையே அல்ல. சுவருக்குச் சுவர் ஒட்டிய அடுக்ககத்தில் வாசிப்பவர் வால்வு ஆம்ப் வாங்கினால், காசு கொடுத்து வாங்கிய திணறலைக் கேட்காமலே காலம் தள்ளுவார். அவருக்கு மாடலர்தான் என்று தயங்காமல் சொல்வேன். மேடை மேடையாகத் தூக்கித் திரிபவருக்கும் அதேதான். ஃபெண்டர் நிறுவனமே 2019-இல் தன் 22 வாட் டீலக்ஸ் ரிவர்ப் வால்வு ஆம்பை டிஜிட்டலில் நகலெடுத்தது. உள்ளே 100 வாட் வைத்தும் எடை சுமார் 19 கிலோவிலிருந்து 10 கிலோவை ஒட்டி இறங்கியது.

வால்வின் பக்கம் எனக்கு மரியாதை வருவது வேறொரு காரணத்தால். 1965-இல் செய்த ஆம்பை இன்றும் பற்றவைப்புக் கோலும் வரைபடமும் தெரிந்த ஒரு மெக்கானிக் பிழைக்கவைத்துவிடுவார். பத்து வருடத்துக்கு முந்தைய மாடலரின் மென்பொருளை நிறுவனம் கைவிட்டால், சில்லு போனால், பிரார்த்தனைதான். மெக்கானிக் இல்லாமல் மட்டும் வால்வு ஆம்பைத் திறக்கக் கூடாது. உள்ளே 400 வோல்ட் ஓடும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகள் அதை வைத்திருக்கும். ஸ்பீக்கரை இணைக்காமல் ஓட்டினால் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் கருகக்கூடும்.

கடையில் சோதிக்கப் போகிறவர் மாடலரின் ஸ்பீக்கர் நகலை அணைத்துவிட்டு, ஒரு பவர் ஆம்ப் வழியாக, பக்கத்திலிருக்கும் வால்வு ஆம்பின் அதே ஸ்பீக்கர் பெட்டியில் இணைக்கச் சொல்லட்டும். இரண்டின் சத்தத்தையும் முதலில் சமமாக்க வேண்டும். சத்தம் கூடக்கூடக் காதுக்கு அடிக்கட்டை ஒலி தூக்கலாகக் கேட்கும் என்று ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-இலேயே அளந்து காட்டிவிட்டார்கள்; சற்றே உரத்த ஆம்ப் எப்போதும் நல்ல ஆம்பாகத் தோன்றும். பிறகு கரகரப்பை ஏற்றி வைத்து, ஆம்பைத் தொடாமல் கிடாரின் வால்யூம் திருகை மட்டும் மெல்லக் குறைத்துக்கொண்டே வாசிக்கலாம். நல்ல வால்வு ஆம்பில் உறுமல் படிப்படியாகக் கரைந்து தெளியும். மாடலரும் அதையே செய்தால் விலையைப் பற்றிப் பேச ஆரம்பிக்கலாம்.