மூன்று கட்சிகள் ஒன்றான கதை

கட்சி என்றதும் அரசியல் நினைவுதான் வரும். ஆனால் சங்கீத உலகத்திலும் ஒரு காலத்தில் கட்சிகள் இருந்தன. எங்கே தெரியுமா? தஞ்சாவூரை அடுத்த திருவையாற்றில், தியாகராஜ சுவாமிகளின் சமாதி முன்பு!

இடிந்து கிடந்த சமாதி

தியாகராஜர் 1767-ல் திருவாரூரில் பிறந்தார். திருவையாற்றில் வாழ்ந்து, 1847-ல் அங்கேயே காலமானார். காவிரிக் கரையில் அவருக்குச் சமாதி எழுப்பப்பட்டது. சீடர்கள் பல ஊர்களுக்கும் பிரிந்து போனார்கள். குருவின் திதியை அவரவர் வீட்டிலேயே நடத்தி வந்தார்கள். நாளாக நாளாக, சமாதி கவனிப்பாரின்றிப் பாழடைந்தது.

1903-ம் ஆண்டில் அவருடைய சீடர்களான உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் அங்கே வந்தார்கள். குருவின் சமாதி கிடந்த கோலம் அவர்கள் மனத்தை வாட்டியது. அதைப் பழுது பார்த்தார்கள். பிறகு, தில்லைஸ்தானத்துச் சகோதரர்களான நரசிம்ம பாகவதரும் பஞ்சு பாகவதரும் ஆராதனையைப் பெரிய விழாவாக நடத்தத் தொடங்கினார்கள்.

பெரிய கட்சி, சின்ன கட்சி

ஆனால் ஒற்றுமை நீடிக்கவில்லை. சகோதரர்களுக்குள் மனஸ்தாபம் வந்தது. வித்துவான்களும் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒன்று "பெரிய கட்சி". மற்றொன்று "சின்ன கட்சி". ஒரு கட்சியின் விழா ஆராதனை நாளன்று முடியும். மற்றக் கட்சியின் விழா அன்றுதான் தொடங்கும்!

குரு ஒருவர், பாட்டும் ஒன்று. ஆனால் விழா மட்டும் இரண்டு!

ஒரு விஷயத்தில் மட்டும் இரு கட்சிகளும் ஒத்துப் போயின. பெண்கள் அங்கே பாடக்கூடாது!

நகை விற்ற நாகரத்தினம்மாள்

தேவதாசி குலத்தில் பிறந்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். புகழ் பெற்ற பாடகி. தியாகராஜரிடம் அளவற்ற பக்தி கொண்டவர். பாடிச் சேர்த்த பணத்தையும் நகைகளையும் கொடுத்து, சமாதியைச் சுற்றிக் கோயில் கட்டினார். 1921-ல் தொடங்கிய வேலை 1925-ல் கும்பாபிஷேகத்துடன் நிறைவேறியது.

கோயில் கட்டியவருக்கே அங்கே பாட இடமில்லை! அவர் அழுதுகொண்டு ஊருக்குத் திரும்பவில்லை. பெண்களைத் திரட்டினார். சமாதியின் பின்புறத்தில் தனியாக ஆராதனை நடத்தினார். மூன்றாவதாகப் பிறந்தது "பெண்கள் கட்சி".

கை கோத்தார்கள்

எத்தனை நாள்தான் பிரிந்திருப்பது? முசிரி சுப்பிரமணிய ஐயர் போன்ற வித்துவான்களும், அரசாங்க அதிகாரியான எஸ்.ஒய். கிருஷ்ணஸ்வாமியும் சமரசம் செய்தார்கள். 1940-ல் ஒரே சபை அமைந்தது. 1941-ல் மூன்று கட்சியாரும் ஒரே விழாவாக நடத்தினார்கள். பெண்களும் பாடினார்கள்.

நாகரத்தினம்மாள் 1952-ல் காலமானார். தியாகராஜர் சமாதியை நோக்கியே அவருடைய சமாதியும் அமைந்திருக்கிறது. கை கூப்பி அமர்ந்த அவருடைய சிலை, தன் குருவைப் பார்த்தபடி இருக்கிறது.

இன்றும் தை மாத வாக்கில், புஷ்ய பகுள பஞ்சமியன்று, நூற்றுக்கணக்கான வித்துவான்கள் அங்கே கூடுகிறார்கள். ஆணும் பெண்ணும், பேர் பெற்றவரும் புதிதாகப் பாட வந்தவரும் தரையில் சேர்ந்து உட்காருகிறார்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்னும் ஐந்து ராகங்களில் அமைந்த பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை ஒரே குரலில் பாடுகிறார்கள்.

அப்போது யார் எந்தக் கட்சி என்று யாரும் கேட்பதில்லை. அடுத்தவர் சுருதியோடு தம் சுருதி சேர்ந்தால் போதும்!