ஆபரேஷனுக்குச் சலுகை டிக்கெட் உண்டு, அதன் பிறகு?

டிக்கெட் கவுண்டரில் உட்காருகிறவனுக்குச் சில முகங்கள் மறப்பதில்லை. கையில் ஆஸ்பத்திரி முத்திரை குத்திய சலுகைப் படிவம்; பக்கத்தில் துணைக்கு வந்த மகன் அல்லது மனைவி. இருதய ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் அவர்கள்.

ரெயில்வே விதிப்படி அந்த நோயாளிக்கும், துணைக்குப் போகும் ஒருவருக்கும் இரண்டாம் வகுப்பில் 75 சதவீதம் கட்டணச் சலுகை உண்டு. ஏழைகளுக்கு இது பெரிய உதவி. ஆனால் அதே பட்டியலில் புற்றுநோய்க்காரருக்கு ‘சிகிச்சைக்கும், அவ்வப்போது பரிசோதனைக்கும்’ என்று இருக்கிறது. இருதய நோயாளிக்கோ ‘ஆபரேஷனுக்கு’ என்பதோடு வாசகம் முடிந்து விடுகிறது.

வைத்தியமும் அதோடு முடிந்து விடுகிறதா?

இல்லை என்கிறார்கள் டாக்டர்கள். ஆபரேஷனுக்குப் பிறகும், மாரடைப்புக்குப் பிறகும் ‘இருதய மறுவாழ்வுப் பயிற்சி’ தேவை. அளவாக நடக்கவும் ஏறவும் பழக்குவது, மருந்தை நிறுத்தாமல் சாப்பிட வைப்பது, உப்பையும் எண்ணெயையும் குறைப்பது, புகையிலையை விடச் செய்வது, பயத்தைப் போக்குவது ஆகியவை இதில் அடங்கும். 85 ஆய்வுகளைத் தொகுத்து 2021-ல் வெளியான அறிக்கை, உடற்பயிற்சியோடு கூடிய மறுவாழ்வு பெற்றவர்களிடையே இருதய நோய்ச் சாவு சுமார் கால் பங்கு குறைந்ததாகக் கூறுகிறது.

மலையில் என்ன நிலை?

மைசூரில் இருந்து தெற்கே போகும் ரெயில் பாதை சாம்ராஜ்நகரோடு நின்று விடுகிறது. அதற்கு அப்பால் பிலிகிரிரங்கன் மலை. அங்கு வாழும் பழங்குடியினர் சோளகர். நம் தாளவாடி, சத்தியமங்கலம் மலைகளில் இருப்பவர்களும் இதே மக்கள்தான்.

அந்த மலையில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். ஆபரேஷன் முடிந்து நான்கு மாதம் ஆகிவிட்டது. திண்ணையை விட்டு இறங்கவில்லை. நடந்தால் நெஞ்சு நின்று விடும் என்று பயம். நடக்கலாம் என்று அவருக்கு விளங்கும்படி சொன்னவர் யாரும் இல்லை. தேனெடுக்க மரம் ஏறிய மனிதர்!

பயிற்சிக்கு மைசூர் போகலாமே என்பீர்கள். வாரம் 2 நாள் வீதம் 12 வாரம் என்றால் 24 பயணம். துணைக்கு ஒருவர் சேர்ந்தால் 48 நாள் கூலி போயிற்று. பஸ், ரெயில் கட்டணம் தனி.

வீட்டு வாசலில் வைத்தியம்

நடிகர் புனித் ராஜ்குமார் 2021-ல் மறைந்த பின், அவர் பெயரால் கர்நாடக அரசு ‘இருதய ஜோதி’ திட்டத்தைத் தொடங்கியது. தாலுகா ஆஸ்பத்திரியிலேயே இ.சி.ஜி. எடுத்து, ரத்தக் கட்டியைக் கரைக்கும் விலை உயர்ந்த ஊசியை இலவசமாகப் போடும் திட்டம் அது. உயிரைக் காக்கும் ஊசியே தாலுகாவுக்கு வந்து விட்டது. அதன் பிறகு தர வேண்டிய பயிற்சி மலைக்கு வரக் கூடாதா?

வரலாம். வீட்டில் இருந்தபடி செய்யும் பயிற்சியும் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குச் சமமான பலன் தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சியாளர்கள் 14 ஆஸ்பத்திரிகளில் 806 நோயாளிகளை வைத்து நடத்திய சோதனை 2016-ல் வெளியாயிற்று. சுகாதார ஊழியர் வீடு தேடிச் சென்று பேசியவர்களில் 97 சதவீதம் பேர் ஓராண்டுக்குப் பிறகும் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டனர். மற்றவர்களில் 92 சதவீதம். அந்த ஊழியர்கள் டாக்டர்கள் அல்ல. பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள்.

பிலிகிரிரங்கன் மலையில் இதற்கு அடித்தளம் இருக்கிறது. டாக்டர் சுதர்சன் 1981-ல் தொடங்கிய விவேகானந்த கிரிஜன கல்யாண கேந்திரம் அங்கேயே மருத்துவப் பணி செய்து வருகிறது. சோளகர் பெண்களே நர்சுப் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். இருதய நோயாளியை எப்படி நடக்க வைப்பது, நெஞ்சு வலித்தால் எப்போது நிறுத்துவது என்று அவர்களுக்கும் ‘ஆஷா’ ஊழியர்களுக்கும் கற்றுக் கொடுத்தால் போதும். அந்தப் பெரியவரிடம் அவர் மொழியிலேயே பேசுவார்கள்.

ரெயில்வே விதியிலும் ‘ஆபரேஷனுக்கு’ என்பதை அடுத்து ‘தொடர் சிகிச்சைக்கும்’ என்ற இரண்டு சொற்களைச் சேர்க்கலாம். அதிகாரிகள் மனம் வைப்பார்களா?