கம்பியில்லா இணைப்பும் கருவிகளின் ஞாபகமும்

கம்பியினால் இணைக்கப்பட்ட சாதனம் ஒன்று வேலை செய்ய மறுத்தால் பழுது எங்கே என்று தேடுவது எளிது. கம்பியை அசைத்துப் பார்க்கலாம், வேறு துளையில் செருகிப் பார்க்கலாம், அதுவும் பயன்படவில்லையென்றால் அண்டை வீட்டாரிடம் இன்னொரு கம்பியை இரவல் வாங்கி வந்து சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். கம்பியே இல்லாத மௌஸும் கீபோர்டும் ஹெட்செட்டும் கம்ப்யூட்டரோடு சேர மறுக்கும்போது இந்தச் சௌகரியம் நமக்கு இல்லாமற் போகிறது. கண்ணுக்குப் புலப்படாத ஆகாசத்தில் ஏதோ நேர்ந்துவிட்டது என்று எண்ணி, பாட்டரியை மாற்றி, சாதனத்தை மேஜைமேல் இரண்டு தட்டுத் தட்டி, கடைசியில் மனம் சலித்துப் புதியதொன்றை வாங்கி வருகிறவர்கள் அநேகர். கம்பியில்லா இணைப்பு என்றால் காற்றில் பாயும் அலை மாத்திரமே என்று கருதுவதனால் நேரும் வீண்செலவு இது. இரண்டு கருவிகள் முன்னொரு நாள் தமக்குள் செய்துகொண்டு, இரண்டும் ஞாபகத்தில் வைத்திருக்கும் ஓர் உடன்படிக்கையே இணைப்பு. அலை அதைச் சுமந்து செல்கிறது, அவ்வளவுதான். அலைக்குத் தடங்கல் நேர்வதும் உண்டென்றாலும், ஞாபகம் பிசகுவதே அதிகம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

முதலில் அலையின் விஷயத்தைப் பார்த்துவிடுவோம். ப்ளூடூத், வீட்டு வைஃபை, சிறு ரிசீவரோடு கடைகளில் விற்கப்படும் வயர்லெஸ் மௌஸ், சமையலறையிலுள்ள மைக்ரோவேவ் அடுப்பு ஆகிய இவை யாவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று சொல்லப்படும் ஒரே அதிர்வெண் பட்டையில் நெருங்கி வாழ்கின்றன. தொழில், விஞ்ஞானம், வைத்தியம் ஆகியவற்றுக்கான யந்திரங்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த சில பட்டைகளில், குறைந்த சக்தியுள்ள ஒருவகைத் தகவல் தொடர்புக் கருவிகளை எவரும் உரிமமின்றி இயக்கலாம் என்று அமெரிக்க அரசின் தகவல் தொடர்பு ஆணையம் 1985ஆம் ஆண்டில் விதி செய்தது. இந்தியாவில் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதிக்கு அத்தகைய பொது விலக்கு 2005ஆம் ஆண்டு ஜனவரியில் கிடைத்தது. உரிமம் வேண்டாம் என்ற அந்தச் சுதந்திரத்தினால்தான் இக்கருவிகள் சாமானியர் வீடுவரை வந்து சேர்ந்தன. அதே சுதந்திரத்தின் மறுபக்கம் என்னவெனில், அடுத்த வீட்டு ரௌட்டர் நம் மௌஸுக்கு இடைஞ்சல் செய்கிறது என்று எவரிடமும் முறையிட நமக்கு உரிமையில்லை.

இத்தனை நெரிசலுக்குள்ளும் ப்ளூடூத் எப்படிப் பிழைத்திருக்கிறது என்று யோசித்தால் விஞ்ஞானிகளின் சாமர்த்தியம் விளங்கும். 1994ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு லுண்ட் நகரில், எரிக்ஸன் நிறுவனத்தில் யாப் ஹார்ட்ஸென் என்ற டச்சுப் பொறியியலாளர் தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்த இம்முறை, பட்டையை ஒவ்வொன்றும் 1 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள 79 வழிகளாகப் பிரித்துக்கொண்டு, ஒரு வழியில் 625 மைக்ரோ விநாடியே தங்கி, உடனே இன்னொன்றுக்குத் தாவி, இவ்வாறு விநாடிக்கு 1600 தடவை இடம் மாறிக்கொண்டே பேசுகிறது. ஒரு வழியில் பேச்சு அடிபட்டாலும் அடுத்த வழியில் திரும்பச் சொல்லிவிடலாம். எந்த வழிகளில் வைஃபை குடியேறியிருக்கிறது என்று கவனித்து அவற்றை ஒதுக்கிவிட்டுத் தாவும் புத்தியும் 2003ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து அதற்கு அளிக்கப்பட்டது. அதிர்வெண் விட்டு அதிர்வெண் தாவும் எண்ணம் பழையது. அதற்கு ஓர் அழகிய வடிவம் கொடுத்தவர்கள் ஹெடி லமார் என்னும் திரைப்பட நடிகையும் ஜார்ஜ் ஆன்தைல் என்னும் சங்கீத வித்வானும் ஆவர். தானியங்கிப் பியானோவில் சுழலும் துளைக் காகிதச் சுருளைப் போன்ற இரண்டு சுருள்களைக் கப்பலிலும் டார்ப்பிடோவிலும் ஒரே வேகத்தில் சுழலவிட்டு, 88 அதிர்வெண்களுக்கிடையே இரண்டும் ஒரே கணத்தில் தாவும்படி அவர்கள் வகுத்த முறைக்கு 1942 ஆகஸ்டில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பியானோவின் கட்டைகளும் 88தான். இரு தரப்பும் ஒரே சுருளை வைத்திருக்க வேண்டும் என்பதே அதன் உயிர்நாடி. ப்ளூடூத்திலோ ஒரு கருவியின் முகவரியும் அதன் கடிகாரமும் சேர்ந்து அந்தச் சுருளின் வேலையைச் செய்கின்றன.

ஆனால் ஒன்றையொன்று அறியாத இரு கருவிகளிடம் பொதுவான சுருள் ஏது? ஆகையால் முதல் சந்திப்பு மாத்திரம் சிரமமானது. கம்ப்யூட்டர் தேடும் வேளையில் புதிய சாதனம், ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று அறிவித்துக்கொண்டிருக்க வேண்டும். இப்போது வரும் மௌஸுகளிலும் கீபோர்டுகளிலும் பெரும்பாலானவை பின்பற்றும் குறைந்த மின்சக்தி முறையில், இந்த அறிவிப்புக்கென்றே 2402, 2426, 2480 மெகாஹெர்ட்ஸ் ஆகிய மூன்று இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. வைஃபை வழக்கமாக அமரும் 1, 6, 11 ஆகிய சானல்களின் நெரிசலைத் தவிர்க்கும் வண்ணம் அவை தேர்ந்தெடுக்கப்பட்டவை. பழைய முறையில் ஒரு முழுத் தேடலுக்குச் சுமார் 10 விநாடி பிடிக்கும். எனவே பட்டியலில் பெயர் வரவில்லையே என்று இரண்டாவது விநாடியில் பொறுமை இழப்பது நியாயமன்று. அதைவிட முக்கியமான ஒன்றுண்டு. சாதனத்தின் ஸ்விட்சைப் போடுவது வேறு, அதை இணைப்புக்குத் தயாராக்குவது வேறு. பொத்தானைச் சில விநாடிகள் விடாமல் அழுத்தி, விளக்கு வேகமாகக் கண் சிமிட்டத் தொடங்கிய பிறகே சாதனம் தன்னைப் புதியவர்களுக்கு அறிவிக்கும். வெறுமனே உயிர் பெற்ற சாதனம் பழைய கூட்டாளியை மாத்திரமே தேடும்.

இனி உடன்படிக்கை. இரு கருவிகளும் தத்தமக்கு ஒரு ரகசிய எண்ணைத் தேர்ந்துகொண்டு, அதிலிருந்து கணித வழியாகப் பிறக்கும் வேறோர் எண்ணை மட்டும் வெட்டவெளியில் பரிமாறிக்கொள்கின்றன. அவற்றைக் கொண்டு இரண்டும் ஒரே பொது ரகசியத்தை வந்தடைகின்றன. நடுவிலிருந்து ஒட்டுக்கேட்பவன் பரிமாறப்பட்ட இரண்டு எண்களையும் எழுத்துப் பிசகாமல் எழுதி வைத்துக்கொண்டாலும் அந்த ரகசியத்தை அடைவது சாத்தியமில்லை. 1976இல் டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் வெளியிட்ட இந்தத் தத்துவம் 2007ஆம் ஆண்டு முதல் ப்ளூடூத்தில் இடம்பெற்றது. அதற்கு முன் 0000, 1234 என்ற எண்களே பல சாதனங்களுக்குக் காவலாக இருந்தன. புதிய கீபோர்டை இணைக்கும்போது திரையில் தோன்றும் 6 இலக்க எண்ணைத் தட்டச்சு செய்யச் சொல்கிறதே, அது ஏன்? ஒட்டுக்கேட்பதோடு நில்லாமல், கம்ப்யூட்டரிடம் கீபோர்டாகவும் கீபோர்டிடம் கம்ப்யூட்டராகவும் வேஷமிட்டு நடுவில் ஒருவன் நுழையக்கூடும். அதைத் தடுப்பதற்காக, நாம் தட்டிய எண்ணை இருபது துணுக்குகளாக்கி, ஒவ்வொரு துணுக்காக இரு தரப்பும் சரிபார்க்கின்றன. ஒரு துணுக்கில் பிசகினாலும் பேச்சு அங்கேயே முறிகிறது. தொந்தரவென்று தோன்றும் அந்த அரை நிமிஷமே, பிற்பாடு நாம் தட்டப்போகும் கடவுச்சொற்களுக்கெல்லாம் காவல்.

இவ்வாறு பிறந்த சாவி 128 பிட் நீளமுள்ளது. கம்ப்யூட்டர் ஒரு பிரதியையும் சாதனம் ஒரு பிரதியையும் வைத்துக்கொள்கின்றன. மறுநாள் காலையில் மௌஸை அசைத்த மாத்திரத்தில் அது வேலை செய்வதற்கு இந்தப் பிரதிகள் பொருந்துவதே காரணம். ஒரு பக்கத்தில் அழிந்து மறுபக்கத்தில் மாத்திரம் பழைய சாவி தங்கிவிட்டாலோ, சாதனம் பட்டியலில் தெரியும், இணைவது போல் பாவனை காட்டும், உடனே துண்டித்துக்கொள்ளும். விண்டோஸைப் புதிதாகப் பதிந்த கம்ப்யூட்டர்களில் இதை அடிக்கடி காணலாம். இதற்குப் பரிகாரம், இரண்டு பக்கத்திலும் பழையதை அழிப்பது. செட்டிங்ஸில் ‘ரிமூவ் டிவைஸ்’ என்பதை அழுத்துவதோடு நில்லாமல், சாதனத்தின் பொத்தானையும் நெடுநேரம் அழுத்தி, அதன் நினைவையும் துடைத்துவிட்டுப் பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டும். பலர் முதற்பாதியைச் செய்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள்.

ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு நேரும் சங்கடம் இன்னும் விசித்திரமானது. விண்டோஸில் இணைத்த மௌஸ் லினக்ஸில் வேலை செய்யாது. லினக்ஸில் இணைத்துவிட்டுத் திரும்பினால் விண்டோஸில் செத்துக் கிடக்கும். இரண்டு இயங்குதளங்களும் ஒரே ப்ளூடூத் சில்லைப் பயன்படுத்துவதால் மௌஸின் பார்வையில் இரண்டுக்கும் முகவரி ஒன்றே. ஒரு முகவரிக்கு ஒரு சாவிதான் என்பது அதன் கணக்கு. ஆகவே பிந்திய உடன்படிக்கை முந்தியதை அழித்துவிடுகிறது. ஒன்றில் பிறந்த சாவியை மற்றொன்றின் கோப்புக்குள் பிரதியெடுத்து வைப்பது இதற்கு நிரந்தரப் பரிகாரம். சற்று நுட்பமான வேலையென்றாலும் பொறுமையுள்ளவர் செய்துகொள்ளக் கூடியதே. 1, 2, 3 என்று பொத்தான்கள் கொண்ட கீபோர்டுகளில் ஒவ்வொரு பொத்தானும் ஒரு கம்ப்யூட்டரை ஞாபகம் வைத்திருக்கிறது. கை தவறி வேறொன்றை அழுத்திவிட்டால் அது நம்மை விட்டுப் பழைய கூட்டாளியைத் தேடிப் போய்விடும். காதில் மாட்டும் கருவிகளும் அப்படியே. அடுத்த அறையில் கிடக்கும் கைப்பேசி முந்திக்கொண்டால் கம்ப்யூட்டருக்கு இடமிராது. சிறு ரிசீவரோடு வரும் மௌஸ்களில் பல ப்ளூடூத் வகையைச் சேர்ந்தவையே அல்ல. தொழிற்சாலையிலேயே தம் ரிசீவரோடு இணைக்கப்பட்ட அவற்றை ப்ளூடூத் பட்டியலில் தேடுவது விருதா.

அலையின் குற்றமே காரணமாக இருக்கும் சந்தர்ப்பங்களில் நான் முதலில் பார்க்கச் சொல்வது கம்ப்யூட்டரின் முதுகுப்புறத்தை. மேஜைக் கம்ப்யூட்டர்கள் சிலவற்றின் பின்னால், தங்க நிறத்தில் திருகு மரையோடு இரண்டு சிறு குமிழ்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை ஆன்டெனா மாட்டும் இடங்கள். பெட்டியோடு கொடுத்த ஆன்டெனாவை, வைஃபை வேண்டாம், கம்பி இன்டர்நெட்டே போதும் என்று உறையைக்கூடப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். ப்ளூடூத்துக்கும் அதுவே செவி என்பதை அறியாமையால் ஹெட்செட் மூன்றடி தூரத்தில் விக்குகிறது. அடுத்தபடியாகப் பார்க்கவேண்டியது யுஎஸ்பி துளைகளை. விநாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடும் யுஎஸ்பி 3.0 இணைப்பு, தன் கம்பியிலிருந்தும் செருகியிலிருந்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலேயே இரைச்சலைக் கசியவிடுகிறது. இதை இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் அறிக்கையில் விளக்கியிருக்கிறது. நீல நாக்குள்ள துளையில் வெளி ஹார்டு டிஸ்க்கைச் செருகி, அதன் பக்கத்துத் துளையில் மௌஸின் ரிசீவரைச் செருகியிருப்பவர், பெரிய கோப்பு ஒன்றைப் பிரதியெடுக்கும் வேளையில் திரையிலுள்ள அம்பு தடுமாறுவதைப் பார்க்கலாம். கோப்பு ஏறி முடிந்ததும் தடுமாற்றமும் நின்றுவிடும். மௌஸில் பழுதென்றால் இப்படி நேரம் பார்த்து வருமா? ரிசீவரை ஒரு நீட்டிப்புக் கம்பியின் முனையில் மாட்டி மேஜைமேல் மௌஸுக்கு அருகே வைத்தாலே போதும்.

மின்சாரச் சிக்கனமும் ஒரு காரணம். சற்று நேரம் தொடாமலிருந்தால் இணைப்பு விடுபடுகிறதென்றால், டிவைஸ் மானேஜரில் ப்ளூடூத் சாதனத்தின் பெயரைத் திறந்து, பவர் மானேஜ்மென்ட் என்ற பக்கத்தில், சிக்கனத்துக்காக இதை அணைக்கக் கம்ப்யூட்டருக்கு அனுமதி தரும் கட்டத்திலுள்ள குறியை எடுத்துவிடலாம். ப்ளூடூத்தே அடியோடு காணாமற் போய்விட்டால் ‘ஷட் டவுன்’ செய்து திரும்ப இயக்குவதைக் காட்டிலும் ‘ரீஸ்டார்ட்’ செய்வதே மேல். இது முரணாகத் தோன்றலாம். விண்டோஸ் 8 முதற்கொண்டு, விரைவாக விழித்தெழுவதற்காக ‘ஷட் டவுன்’ செய்யும்போது தன் உள்நிலையில் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொள்ளும் வழக்கம் புகுந்தது. கெட்ட நிலை எழுதப்பட்டால் கெட்ட நிலையே மீளும். ‘ரீஸ்டார்ட்’ ஒன்றே எல்லாவற்றையும் மறந்து புதிதாகத் தொடங்குகிறது.

ஹெட்செட்டில் பாட்டு இனிமையாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, கூட்டத்தில் பேசுவதற்கென்று மைக்கைத் திறந்ததும் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடுகிறதென்று புகார் சொல்பவர்களும் உண்டு. பழைய ப்ளூடூத் முறையில் இசைக்கு ஒரு வழி, உரையாடலுக்கு வேறு வழி. உரையாடல் வழியில் ஒலி விநாடிக்கு 8000 அல்லது 16,000 மாதிரிகளாகச் சுருங்குகிறது, இசைத்தட்டிலோ 44,100. மேஜையில் தனி மைக் ஒன்றை வைத்துக்கொண்டு, பேச்சுக்கு அதைத் தேர்ந்தெடுத்தால் காதில் இசை வழியே தொடரும்.

வாசகர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். சேர மறுக்கும் சாதனத்தைக் குப்பையில் போடுவதற்கு முன், அதன் ஞாபகத்தைத் துடைத்துவிட்டு, வேறொரு கம்ப்யூட்டரோடோ கைப்பேசியோடோ ஒரு கால்மணி நேரம் இணைத்துப் பாருங்கள். அங்கே ஒழுங்காக வேலை செய்தால் புதியது வாங்கவேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.